கல்லாவில் நிற்கும்போதே போட வேண்டிய கணக்கு

சாயங்காலம் ஆறரை மணி. வேலை முடிந்து வரும் வழியில் பசி வயிற்றைக் கிள்ளுகிறது. ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட பர்கர் கடை. எதிர்ப்பக்கம் பரோட்டாக் கல். நாலடி தள்ளி, தள்ளுவண்டியில் ஃப்ரைடு ரைஸ் கிளறும் சத்தம். "எதையாவது சாப்பிடுவோம், காலையில் கொஞ்சம் கூடுதலாக நடந்தால் கரைந்துவிடும்" என்று மனசு சொல்கிறது. எவ்வளவு கூடுதலாக என்பதை ஒரு தடவையாவது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அதைப் போட்டுவிட்டால், எந்தக் கடைக்குள் நுழைவது, உள்ளே போய் எதைக் கேட்பது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் அளவுகோல். 65 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பேசிக்கொண்டே நடக்கலாம், ஆனால் பாட வராது, அந்த வேகம். ஒரு மணி நேரத்தில் சுமார் 225 கலோரி செலவாகும். அதே ஒரு மணி நேரம் அவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் மூளைக்குமாக 65 கலோரி போயிருக்கும். அதைக் கழித்துவிட வேண்டும். ஜிம்மில் இருக்கும் டிரெட்மில் திரை பெரும்பாலும் இதைக் கழிக்காமலே காட்டும்; பலர் ஏமாறுவது இங்கேதான். கழித்தால் நடைக்கென்று செலவானது 160. ஆக, 100 கலோரிக்கு ஏறக்குறைய நாற்பது நிமிட நடை. தூரத்தில் சொன்னால் மூன்று கிலோமீட்டரைவிடச் சற்று அதிகம். உங்கள் எடை 55 கிலோ என்றால் முக்கால் மணி. 80 கிலோ என்றால் அரை மணி. பாக்கெட்டிலும் பலகையிலும் 'கிலோ கலோரி' என்று அச்சிட்டிருப்பதைத்தான் பேச்சில் கலோரி என்கிறோம், அதனால் குழம்ப வேண்டாம்.

நூறுக்கு நாற்பது. இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குள் போவோம்.

பலகையில் எண் இருக்கும் கடை

பத்து கிளைகளோ அதற்கு மேலோ வைத்திருக்கும் உணவகங்கள் ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே கலோரியை எழுதிவைக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி; 2022இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. விலைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. படியுங்கள். மெக்டொனால்ட்ஸின் ஆலு டிக்கி பர்கர் சுமார் 340 கலோரி. நடுத்தர அளவு ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் 300ஐத் தாண்டும். 300 மில்லி கோலாவில் 130.

தனி பர்கருக்கு இரண்டே கால் மணி நேர நடை. மூன்றையும் சேர்த்து காம்போவாக வாங்கினால் கிட்டத்தட்ட 780 கலோரி, அதாவது ஐந்து மணி நேரத்துக்கு மேல். இரண்டுக்கும் இடையில் இருக்கும் மூன்று மணி நேரத்தை, "பர்கர் மட்டும் போதும், தண்ணி கொடுங்க" என்ற ஒரே வாக்கியம் மிச்சப்படுத்திவிடுகிறது. உலகத்தில் எந்த உடற்பயிற்சியும் அந்த வேகத்தில் வேலை செய்யாது. காம்போ எடுத்தால் முப்பது ரூபாய் லாபம் என்று கல்லாவில் இருக்கும் பையன் சொல்வான். அவனுக்கு அப்படிச் சொல்லத்தான் பயிற்சி.

ஃப்ரைஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 100 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்தால் 87 கலோரி. அதே எடைக்கு ஃப்ரைஸை நிறுத்தால் 312. கிழங்கு ஒன்றுதான். வறுக்கும்போது உள்ளே இருந்த தண்ணீர் ஆவியாகிப் போய், அந்த இடத்தில் எண்ணெய் குடியேறுகிறது. ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4 கலோரி, புரதத்துக்கும் 4, கொழுப்புக்கு மட்டும் 9. துரித உணவின் கணக்கு எல்லாம் கடைசியில் இந்த ஒன்பதில்தான் வந்து முட்டுகிறது. பீட்சாவும் அப்படியே. பாலாடைக்கட்டி உருகிய ஒரு துண்டு 285 கலோரி அளவுக்கு வரும். இரண்டு மணி நேர நடைக்குக் கொஞ்சம்தான் குறைவு.

அந்தப் பலகைகளின் அடியில், ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவை என்று ஒரு வரி இருக்கும். அது ஓடியாடும் சராசரி ஆளுக்கான எண். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், உட்கார்ந்தே வேலை பார்க்கும் 55 கிலோ பெண்ணுக்கு 1,660 என்றும், 65 கிலோ ஆணுக்கு 2,110 என்றும் சொல்கிறது. நாள் முழுக்கக் கணினி முன்னால் இருந்துவிட்டு வரும் ஒரு பெண்ணுக்கு அந்த காம்போ அவளது அன்றாடத் தேவையில் கிட்டத்தட்டப் பாதி. காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் ஏற்கெனவே உள்ளே போயாயிற்று. வீட்டுக்குப் போனால் இரவுச் சாப்பாடு காத்திருக்கும்.

எண் இல்லாத கடை

பரோட்டாக் கடையில் பலகை கிடையாது. நாமேதான் எண்ண வேண்டும். எங்கள் தெருமுனையில் பரோட்டா போடும் மாஸ்டரின் பக்கத்தில் ஒருநாள் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். உருண்டைகள் தட்டில் எண்ணெயில் குளித்துக் கிடக்கின்றன. மேசையில் எண்ணெய் தடவி வீசுகிறார். வீசிய மாவின் மேல் விரலால் இன்னும் கொஞ்சம் தெளித்துச் சுருட்டுகிறார். கல்லில் போட்டதும் சுற்றிலும் ஒரு கரண்டி. வெந்த பிறகு நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் அடிக்கும்போது, விளிம்பில் எண்ணெய் மினுங்குவதைப் பார்க்கலாம்.

"கிலோவுக்கு எத்தனைண்ணே வரும்?" என்றேன்.

"இருபது வரும் சார். பெருசா போட்டா பதினாறு."

"எண்ணெயைக் கொஞ்சம் கொறைச்சா?"

"கொறைச்சா இழை பிரியாது சார். சப்பாத்தி மாதிரி ஆயிடும்."

கிலோவுக்கு இருபது என்றால் ஒன்றுக்கு 50 கிராம் மைதா; 175 கலோரி. அதனுள் பத்து கிராம் எண்ணெய் தங்குகிறது என்று வைத்தால் 90. ஒரு பரோட்டா 265. மூன்று பரோட்டா 800. சால்னாவின் மேல் மிதக்கும் எண்ணெயையும் தேங்காயையும் சேர்த்தால் 900. ஆறு மணி நேர நடை. விருதுநகர் எண்ணெய் பரோட்டா என்றால், மாவைப் பொரித்தே எடுப்பதால், இன்னும் ஏறும். கொத்து பரோட்டாவில் பரோட்டாவோடு முட்டையும் சால்னாவும் மறுபடி எண்ணெயும் சேர்கின்றன. தட்டில் அது குவியலாக இருப்பதால் எத்தனை பரோட்டா உள்ளே போனது என்று கண்ணுக்கே தெரியாது. நம் ஊர்ச் சாப்பாடு, வெளிநாட்டுக் குப்பை உணவு என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். மூன்று பரோட்டாவும் சால்னாவும் அந்த பர்கர் காம்போவை மிஞ்சுகின்றன.

அதற்காகப் பரோட்டாவை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். எனக்கும் அது பிடிக்கும். ஒரு பரோட்டா, ஒரு கலக்கி, அளவாகச் சால்னா என்று கேட்டால் 450க்குள் முடியும், முட்டை இருப்பதால் பசியும் தாங்கும். அதே கடையில் இட்லி இருந்தால், நான்கு இட்லியும் சாம்பாரும் 300ஐ ஒட்டித்தான் வரும்.

ஃப்ரைடு ரைஸில் ஏமாற்றுவது அளவு. வாணலியில் விழும் எண்ணெய் தட்டுக்கு 30 கிராம் என்றாலே 270 கலோரி. முன்னூற்றைம்பது கிராம் சோறு 450க்கு மேல். முட்டையும் சேர்ந்தால் 800. பார்சல் வாங்கி இருவர் பிரித்துக்கொள்வதுதான் இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி.

சாயங்காலப் பசிக்கு இவை எதுவுமே வேண்டாம் என்றால், ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, 30 கிராம், 170 கலோரி. வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராம் 165 அளவுக்கு வரும். எண்ணிக்கையில் ஒரு சின்ன கோலாவைவிட அதிகம்தான். ஆனால் சுண்டல் வயிற்றில் இரண்டு மணி நேரம் நிற்கும். கோலா நிற்காது.

குடிக்கிற கலோரி

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். 300 மில்லி கோலாவில் ஏறக்குறைய 32 கிராம் சர்க்கரை. ஆறு டீஸ்பூனுக்கு மேல். சாப்பாட்டோடு அதைக் குடிப்பதால் யாரும் ஒரு வாய் சோற்றைக் குறைப்பதில்லை. அப்படியே மேலே போய் உட்காருகிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சாரா பிளைச்சும் அவருடன் இருந்தவர்களும் ஏழைகள் வாழும் பகுதியின் தெருமுனைக் கடைகளில் ஒரு பரிசோதனை செய்தார்கள். 250 கலோரி குளிர்பான பாட்டிலுக்குப் பக்கத்தில் பலவிதமான அறிவிப்புகளை மாற்றி மாற்றி ஒட்டினார்கள். வெறும் கலோரி எண்ணும் இருந்தது. இதைக் கரைக்க ஐம்பது நிமிடம் ஓட வேண்டும், ஐந்து மைல் நடக்க வேண்டும் என்ற வரிகளும் இருந்தன. அறிவிப்பைப் பார்த்த பதின்பருவப் பிள்ளைகள் அந்த பானங்களை வாங்குவது குறைந்தது. வாங்கியவர்களிலும் பலர் சின்ன பாட்டிலுக்கு மாறினார்கள். 250 என்பது யாருக்கும் உறைக்காத எண். ஐம்பது நிமிடம் ஓடுவது எப்படி இருக்கும் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும்.

எந்தப் பயிற்சி எவ்வளவு

நடைக்குப் பதில் வேறு எதைச் செய்தால் சீக்கிரம் முடியும் என்று கேட்பார்கள். அதே 65 கிலோ ஆளுக்கு, மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாக ஓடினால் 100 கலோரிக்குப் பதின்மூன்று, பதினான்கு நிமிடம். சாவகாசமாக சைக்கிள் மிதித்தால் இருபது நிமிடம். படி ஏறுவது பெரிய வேலை என்று நினைக்கிறோம். மூச்சு வாங்குவது உண்மை, ஆனால் ஒரு மாடி ஏற ஆவது ஏறக்குறைய 2 கலோரிதான். திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர் உயரம். கீழிருந்து உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க ஏறிப்போனால் செலவாவது 60 கலோரிக்குள். ஒரு இட்லி. இறங்கி வந்து கடைத்தெருவில் ஒரு ரோஸ்மில்க் குடித்தால் மலையை மறுபடி பல முறை ஏற வேண்டியிருக்கும்.

வேகமான பயிற்சியைத் தேர்ந்தெடுத்தாலும் கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்புவதில்லை. உடம்பும் தன் பங்குக்குச் சரிக்கட்டுகிறது. ஓடிவிட்டு வந்த அன்று பசி கூடுகிறது, மீதி நாள் சோபாவில் சாய்கிறோம். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களின் ஆற்றல் செலவை ஹெர்மன் போன்ட்சர் குழுவினர் அளந்து 2012இல் வெளியிட்டார்கள். நாள்தோறும் பல மைல் நடக்கும் அவர்கள் மொத்தத்தில் செலவழிக்கும் கலோரி, உடல் அளவை ஈடுகட்டிப் பார்த்தால், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அலுவலக நாற்காலியில் இருப்பவர்களுடையதைவிட அதிகமில்லை என்று கண்டார்கள்.

அதனால்தான் இந்த நிமிடக் கணக்கை வாங்குவதற்கு முன் மட்டும் போடச் சொல்கிறேன். இரண்டு பண்டங்களை எடைபோட அது அருமையான தராசு. சாப்பிட்ட பிறகு அதை எடுத்தால் அது தண்டனையாக மாறிவிடும். குறிப்பாகப் பிள்ளைகளிடம் "ஃப்ரைஸ் தின்னியே, போய் ஓடு" என்று சொல்லாதீர்கள். சாப்பாட்டைக் குற்றமாகவும் ஓட்டத்தை அபராதமாகவும் பார்க்கப் பழகிய பிள்ளை இரண்டையுமே வெறுக்கக் கற்றுக்கொள்ளும். உண்ணும் பழக்கத்தில் கோளாறு வந்து மீண்டவர்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கையே பேச்சில் எடுக்காமல் இருப்பது நல்லது.

நடையை நான் வேறு காரணத்துக்காக வைத்துக்கொள்கிறேன். சென்னையை மையமாகக் கொண்டு நடந்த இந்தியாவின் பெரிய நீரிழிவு ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் சொன்னது. மைதாவும் சோறும் சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று ஏறும். அந்த நேரத்தில் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால், வேலை செய்யும் தசைகள் இன்சுலினைப் பெரிதாக எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன, ஏற்றம் தணிகிறது. உணவைத் தேர்ந்தெடுத்தது கல்லாவில், நடை இதற்காக. இன்சுலினோ சர்க்கரைக்கான மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் சர்க்கரை தாழ்ந்துவிடாமல் இருக்க மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் மொட்டை மாடிக்குப் போய்விடுவார். தண்ணீர்த் தொட்டியிலிருந்து துணிக்கொடி வரைக்கும், மறுபடி தொட்டி வரைக்கும், பதினைந்து நிமிடம். என் கணக்கில் அது நாற்பது கலோரி, ஒரு இட்லிக்குக்கூட வராது. இந்த மாதம் கையில் குளுக்கோமீட்டரோடு அவர் பின்னாலேயே நானும் ஏறுகிறேன்.