ஒரு நகரைப் படிக்க எத்தனை பாடங்கள்?

உயர்தரப் பெறுபேறு வெளிவந்ததும் மருத்துவம், சட்டம், முகாமைத்துவம், ஆசிரியத் தொழில் எனத் துறைகளின் பட்டியல் எம் வீடுகளில் நீளும். நகரத் திட்டமிடல் அதில் இடம்பெறுவது அரிது. யாராவது சொன்னாலும், "அது கணிதம் படித்த ஆண்பிள்ளைகளுக்கான வேலை" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். இத்துறையில் பட்டமேற்படிப்பைத் தொடரும் மருதானைப் பெண் என்ற வகையில், அந்த எண்ணம் ஏன் பொருந்தாது என்பதைத் தங்கைமாருக்கு விளக்க விரும்புகிறேன்.

தாவரவியல் பேராசிரியரும் கொழும்பும்

கொழும்புக்கு 1921இல் ஒரு திட்ட அறிக்கை தயாரித்தவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த பற்றிக் கெடிஸ். அவர் பொறியியலாளரும் அல்லர், கட்டடக் கலைஞரும் அல்லர். உயிரியல் பயின்று, டண்டீ நகரில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். நகரத்தை உயிருள்ள ஒன்றாகப் பார்த்த அவர், இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்றார். முதலில் கள ஆய்வு, பிறகு திட்டம் என்பது அவரது முறை. 1915இல் தஞ்சாவூர் போன்ற ஊர்களைப் பார்வையிட்டபோது, பழைய குடியிருப்புகளை இடித்து நேரான வீதி போடுவதை அவர் எதிர்த்தார். தேவையான இடத்தில் மட்டும் சிறிதாகத் திருத்தி, ஏனையவற்றைக் காப்பாற்றும்படி கூறினார். நோயாளியைக் காப்பாற்றும் சத்திரசிகிச்சை போன்றது இது.

பின்னர் 1946இல் நகர, கிராமத் திட்டமிடல் கட்டளைச் சட்டம் வந்தது. 1948இல் பற்றிக் அபர்குரொம்பி கொழும்புப் பிராந்தியத் திட்டத்தை வகுத்தார். நெரிசலைக் குறைக்க இரத்மலானை, ஹோமாகம, ராகமை ஆகியவற்றைத் துணை நகரங்களாக வளர்க்க அதில் யோசனை கூறப்பட்டது. 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபை அமைக்கப்பட்டது.

இரண்டு பேர்ச்சஸ் காணி

எமது பகுதியில் பலருக்குப் பழக்கமான ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒடுங்கிய ஒழுங்கை, பொதுக் குழாய், அடுத்தடுத்த வீடுகள். பொறியியலாளர் கானின் சரிவைப் பார்ப்பார். சட்டத்தரணி காணி உறுதியைக் கேட்பார். பொருளியலாளர் வருமானத்தைக் கணக்கிடுவார். ஒவ்வொருவரும் பார்ப்பது உண்மைதான். ஆனால் ஒன்று மட்டும் போதாது.

இதற்கு எம் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின்போது, நகரில் வீட்டுக் காணிக்கு விதிக்கப்பட்டிருந்த ஆகக் குறைந்த அளவு 6 பேர்ச்சஸ். அந்த விதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் தோட்டங்களில் பெரும்பாலானோர் வெளியேற வேண்டியிருந்திருக்கும். எனவே விசேட திட்டப் பிரதேசங்களில் 2 பேர்ச்சஸ் காணி, அதாவது சுமார் 50 சதுர மீற்றர், ஏற்கப்பட்டது. குடியிருப்போரின் அபிவிருத்தி மன்றங்கள் அதிகாரிகளுடன் ஒன்றாக அமர்ந்து, ஒழுங்கை எங்கே, குழாய் எங்கே என்று தீர்மானித்தன. சட்டம், அளவை, சமூகவியல் மூன்றும் அங்கே ஒரே மேசைக்கு வந்தன.

2 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 544 சதுர அடி. அண்மைக்காலத் தொடர்மாடிகள் சிலவற்றில் ஒரு வீடு 400 சதுர அடியளவில் உள்ளது. வித்தியாசம் அளவில் மாத்திரம் இல்லை. தரையில் உள்ள வீட்டுக்கு, மகளுக்குத் திருமணமானதும் மேலே ஓர் அறை எடுக்கலாம். வாசலில் இடியப்பம் அவித்து விற்கலாம். ஒன்பதாம் மாடியில் இரண்டும் இயலாது. மறுபுறம், தொடர்மாடியில் மழைவெள்ளம் வீட்டுக்குள் வராது, தனிக் கழிவறையும் உண்டு. எங்கள் உறவினர் குடும்பம் ஒன்று அப்படி இடம் மாறியது. சாச்சிக்குத் தனிக் குளியலறை கிடைத்தது பெரிய நிம்மதி. ஆனால் அவருடைய காலை வியாபாரம் நின்றுபோனது. வீடு கொடுத்தவர்களின் படிவத்தில் "குடும்பத் தலைவரின் தொழில்" என்ற கட்டம் இருந்தது. சாச்சியின் தொழிலை எழுத இடமிருக்கவில்லை.

பெண்கள் ஏன் தேவை

இந்தக் குறையை ஆராய்ந்து கோட்பாடாக்கியவர் கரோலின் மோசர் என்ற சமூக மானிடவியலாளர். பெண்கள் வீட்டுப் பராமரிப்பு, உழைப்பு, சமூகப் பணி என மூன்று பொறுப்புகளை ஒரே நேரத்தில் சுமக்கிறார்கள். திட்டமிடுவோர் இம்மூன்றையும் சேர்த்துச் சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை என்று அவர் காட்டினார். பால்நிலைத் திட்டமிடல் பற்றிய அவரது நூல் 1993இல் வெளிவந்தது. அவர் கற்பித்த இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் அபிவிருத்தித் திட்டமிடல் பிரிவு இன்றும் பல நாட்டு, பல துறைப் பட்டதாரிகளை ஒரே வகுப்பில் அமர்த்துகிறது.

எம் நாட்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் நகர, கிராமத் திட்டமிடல் துறை இளமாணி, முதுமாணிப் பட்டங்களை வழங்குகிறது. இளமாணிக்கான பாடத் தகைமைகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் அவ்வாண்டுக்குரியபடி பாருங்கள். கட்டடக் கலை, புவியியல், பொருளியல் எனப் பல வழிகளால் முதுமாணிக்கு வரலாம். ஆகவே கலைப் பிரிவில் படிக்கும் தங்கை இக்கதவு தனக்கில்லை என்று எண்ண வேண்டியதில்லை. புள்ளிவிபரவியலும் வரைபடம் வாசிப்பதும் கற்க வேண்டிவரும். தமிழும் சிங்களமும் பேசி, ஒரு வீட்டு அடுப்படி வரை சென்று கேட்கத் தெரிந்திருப்பதும் இத்துறையில் தகைமைதான்.

ஒரு பயிற்சி

ஆர்வமுள்ளோர் இந்த வாரமே தொடங்கலாம். உங்கள் ஒழுங்கையை ஒரு தாளில் வரையுங்கள். குழாய், கான், கடை, தெருவிளக்கு, மழையில் நீர் தேங்கும் இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். பிறகு நான்கு பெண்களிடம் கேளுங்கள்: எத்தனை மணிக்கு எழுகிறீர்கள்? எந்த வழியால் நடக்க அஞ்சுகிறீர்கள்? வீட்டிலிருந்து என்ன செய்து சம்பாதிக்கிறீர்கள்? விடைகளை அதே வரைபடத்தில் எழுதுங்கள். அலுவலகக் கோப்புகளில் இல்லாத மருதானை அந்தத் தாளில் இருக்கும். அதை மேசைக்குக் கொண்டு செல்லப் படித்த பெண்கள் வேண்டும்.