டாக்கா கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு

திருப்பூரிலிருந்து டாக்காவுக்கு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு முதல் குளிர்காலத்திலேயே கல்யாணப் பத்திரிகைகள் குவிந்துவிடும். டிசம்பர், ஜனவரிதான் அங்கே சீசன். யாரையும் சரியாகத் தெரியாதே என்று தயங்காதீர்கள். வெளிநாட்டு விருந்தாளி வந்தால் வீட்டுக்காரர்களுக்குப் பெருமை. பாட்டி முதல் பேரன் வரை எல்லோரோடும் போட்டோவுக்கு நிற்கத்தான் வேண்டியிருக்கும்.

முதலில் பத்திரிகையை நன்றாகப் பாருங்கள். ஒரு கல்யாணத்தில் குறைந்தது மூன்று விசேஷங்கள்: மஞ்சள் பூசும் காயே ஹொலுத், பெண் வீட்டார் நடத்தும் கல்யாணம், பிறகு மாப்பிள்ளை வீட்டார் தரும் பௌ பாத் விருந்து. இரவு எட்டு மணி என்று போட்டிருந்தால் ஒன்பதுக்குப் போனால் போதும். எட்டுக்கே போனால் மேடையில் பூ குத்திக்கொண்டிருப்பார்கள்.

வாசலில் மேசை போட்டு, நோட்டும் பேனாவுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். நம்மூர் மொய்தான். கவரில் பெயரைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள். மாப்பிள்ளை வந்ததும் பெண்ணின் தங்கைகளும் தோழிகளும் ரிப்பன் கட்டி வழிமறித்துப் பணம் கேட்பார்கள். பேரம் நிஜச் சண்டை போலவே நடக்கும், பயப்பட வேண்டாம். நீங்கள் மாப்பிள்ளை பக்கம் என்றால் பின்னால் நின்று கத்துவது உங்கள் கடமை.

நிக்காஹ் சட்டென்று முடிந்துவிடும். 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி முஸ்லிம் திருமணங்களைப் பதிவு செய்தாக வேண்டும். காஜி கொண்டுவரும் காபின்நாமா என்ற திருமண ஒப்பந்தத்தில், மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர வேண்டிய மஹர் தொகையை எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். பல வீடுகளில் இதை முன்பே முடித்துவிடுவதால், மண்டபத்தில் நீங்கள் பார்ப்பது அலங்காரமும் விருந்தும்தான்.

விருந்து என்றால் கச்சி பிரியாணி. பச்சை ஆட்டுக்கறியைத் தயிர், மசாலாவில் ஊறவைத்து, மேலே அரைவேக்காட்டு அரிசியைப் போட்டு, மூடியைச் சுற்றி மாவு அப்பித் தம்மில் விடுவார்கள். கறியைவிட அதில் கிடக்கும் உருளைக்கிழங்குதான் ருசி. கொழுப்பையும் குங்குமப்பூ வாசனையையும் அதுவே குடித்துவிடுகிறது. கூடவே கோழி ரோஸ்ட், ஜாலி கபாப். "தாதா, இன்னும் ஒரு ரோஸ்ட்!" என்று சொல்லிக்கொண்டே வைத்துவிடுவார்கள். இடையிடையே புதினா, கடுகு, கறுப்பு உப்பு சேர்த்த பொர்ஹானி என்ற மோரைக் குடித்தால் வயிறு தப்பும். மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் பந்தியில் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள், தனியாகக் கவனிப்பார்கள். சைவம் என்றால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது உத்தமம்.

சாப்பிட்டதும் கூட்டம் கலைந்துவிடும். பின்னால் அடுத்த பந்தி காத்திருக்கும், உங்களோடு பேச யாருக்கும் நேரமிருக்காது. மஞ்சள் சடங்கு அப்படியல்ல. மாப்பிள்ளை வீட்டுத் தட்டுகளில் ஒரு பெரிய ரூயி மீன் வரும். அதற்கும் குட்டிச் சேலை கட்டி மணப்பெண் மாதிரி ஜோடித்திருப்பார்கள். ஆண்கள் குர்த்தாவும் பெண்கள் மஞ்சள் சேலையுமாக ஆட்டம் நள்ளிரவு வரை போகும். உங்களையும் மேடைக்குக் கூப்பிட்டு, மணப்பெண்ணுக்கு மஞ்சள் தொட்டு வைத்து இனிப்பு ஊட்டச் சொல்வார்கள். ஒரு விசேஷத்துக்குத்தான் போக முடியும் என்றால், கல்யாணத்தை விட்டுவிட்டு ஹொலுதுக்குப் போங்கள்.