விண்வெளியில் கடைசி உப்புநீர்

2025 ஜூனில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனதிலிருந்து, டெல்லி மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளை அழைத்துப்போக நிற்கும் பெற்றோர் பேச்சிலும் இது அடிபடுகிறது: "அங்கே மூத்திரத்தையே குடிக்கிறாங்களாமே!"

குடிப்பது மூத்திரம் அல்ல, அதிலிருந்து பிரித்தெடுத்த தண்ணீர். வியர்வையும் மூச்சுக் காற்றின் ஈரமும் அதோடு சேர்கின்றன. எல்லாம் வடிகட்டிகளைக் கடந்து, சூடான வினையூக்கிக் கலத்தில் கரிமப் பொருள்கள் சிதைந்து, கடைசியில் அயோடின் சேர்ந்து வருகிறது. 2009 முதல் குடிக்கிறார்கள். முகம் சுளிக்க இதில் ஒன்றும் இல்லை.

நம்பிக்கை: கொதிக்கவைத்து ஆவியைப் பிடித்தால் வேலை முடிந்தது.

எடையற்ற நிலையில் ஆவி மேலே போகாது, நீர் கீழே தங்காது. அதனால் காற்றழுத்தம் குறைந்த ஒரு சுழலும் உருளையில் காய்ச்சி வடிக்கிறார்கள். சுழற்சியே நீரை ஓரத்தில் ஒட்டவைக்கிறது. கோளாறு வந்தது எதிர்பாராத பக்கத்திலிருந்து. எடையற்ற இடத்தில் எலும்பு கரைகிறது, அந்தக் கால்சியம் சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீரைப் பதப்படுத்தச் சேர்த்த கந்தக அமிலத்தோடு அது கூடி ஜிப்சமாகப் படிந்து இயந்திரத்தை அடைத்துவிட்டது. மருத்துவர் கவலைப்பட வேண்டிய எலும்புத் தேய்வு பிளம்பர் தலையில் விடிந்த கதை இது. கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறிய பிறகுதான் சிறுநீரிலிருந்து 85 விழுக்காடு நீரை எடுக்கும் பழைய இலக்குக்குத் திரும்ப முடிந்தது.

நம்பிக்கை: நல்ல ஆர்ஓ மெஷின் இருந்தால் மீதியையும் எடுத்துவிடலாம்.

டெல்லி சமையலறைகளின் ஆர்ஓ தான் இதற்கு எதிர்ச்சாட்சி. அதன் வேஸ்ட் தண்ணீர்க் குழாய் பாட்டுக்கு சிங்கில் ஊற்றிக்கொண்டிருக்கும். குறைந்தது 60 விழுக்காடு நீரையாவது மீட்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சொல்ல வேண்டியிருந்தது. உப்பு ஏற ஏற, சவ்வின் வழியே நீரைத் தள்ளக் கூடுதல் அழுத்தம் வேண்டும், சவ்வும் அடைத்துக்கொள்ளும்.

விண்வெளி நிலையம் அழுத்தும் வழிக்கே போகவில்லை. 2021-ல் போய்ச் சேர்ந்த கருவியில், எஞ்சிய உப்புநீரை ஒரு சவ்வுப் பையில் நிரப்பி அதன்மேல் வெதுவெதுப்பான உலர்ந்த காற்றை ஓட்டுகிறார்கள். நீராவி மட்டும் சவ்வைத் தாண்டி அறைக் காற்றில் கலக்கிறது; ஈரம் வாங்கும் கருவி அதை மற்ற ஈரத்தோடு பிடித்துக்கொள்கிறது. பை அவசியம், ஏனென்றால் உள்ளே இருப்பது அமிலமும் குரோமியமும் கலந்த நச்சு. முன்பு மொத்த மீட்பு 93, 94 விழுக்காட்டில் நின்றது. 98-ஐ எட்டியதாக 2023 ஜூனில் நாசா அறிவித்தது. செவ்வாய்ப் பயணத்தில் நடுவழியில் தண்ணீர் அனுப்ப வழியில்லை என்பதால்தான் அந்த எண்ணைத் துரத்தினார்கள். மூன்று நாள் பயணமாகத் திட்டமிட்ட நம் ககன்யானுக்கு இந்தப் பாடு வேண்டாம், தண்ணீரைக் கையோடு கொண்டுபோகலாம்.

நம்பிக்கை: அப்படியென்றால் கழிவே மிஞ்சாது.

மிஞ்சும். மலத்தின் ஈரம் இந்தக் கணக்கிலேயே இல்லை. காய்ந்த உப்புப் பையும் குப்பைதான்; சரக்குக் கலத்தில் ஏற்றி அனுப்பினால் வளிமண்டலத்தில் எரிந்துபோகும். இதேபோல் உப்பு மிஞ்சும் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கு அந்த வசதி இல்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, ஆர்ஓ, ஆவியாக்கிகள் என்று வைத்துக் கழிவை வெளியே விடாமல் நீரை மீட்கிறார்கள். உப்புக் கரைசலில் ஒரு பகுதி சாயத் தொட்டிக்கே திரும்புகிறது. பிரிக்க முடியாத கலப்பு உப்பு மட்டும் மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் தேங்குகிறது.