தேய்ந்த காலணிகள்

மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பொன் எடுத்த கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. பொன் உலகிற்குச் சென்றது. தேய்ந்த காலணியே தொழிலாளியிடம் எஞ்சியது.

அத்தகைய காலணிகளை ஓவியப் பொருளாக்கியவர் வின்சென்ட் வான்கோ (1853–1890). 1879-இல் பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே சமயத் தொண்டாற்றி, தம் உடைமைகளை அவர்களுக்கே ஈந்தவர் அவர். 1886-இல் பாரீசில் அவர் தீட்டிய ‘காலணிகள்’ ஓவியத்தில் பகட்டான நிறம் இல்லை. மண்ணின் பழுப்பும் கருமையும், பின்னே மங்கிய ஒளியுமே உள்ளன. தடித்த வண்ணப்பூச்சில் தோலின் சுருக்கமும் தேய்மானமும் விரலுக்குத் தட்டுப்படுவன போலத் தோன்றுகின்றன. பின்னாளில் மனநோயால் வாடிய அவர், இங்கே எளிய பொருளொன்றில் மனத்தை முழுமையாக நிறுத்தினார்.

எல்லாம் இறைமயம் என்கிறது வேதாந்தம். ஆகவே, எவரும் மதியாத ஒன்றை இவ்வாறு ஊன்றி நோக்குவதும் வழிபாடே. உழைத்துத் தேய்ந்தவரிடத்தில் இறைவனைக் காண நம் கண்களும் பழகட்டும்.