காளானும் கெல்டி குரங்கும்: ஓர் ஒப்பாய்வு

ஒத்தவற்றை அருகருகே வைத்துக் காண்பது மட்டும் ஒப்பாய்வன்று. வேறுபட்டவற்றிடையே நிலவும் உறவை உணர்த்துவதும் அதன் பணியாகும். இந்நோக்கில், தென் அமெரிக்காவின் மேற்கு அமேசான் காட்டில் வாழும் கெல்டி குரங்கையும், அங்கு முளைக்கும் காளானையும் ஈண்டு ஒப்பிடுவோம். சுவிட்சர்லாந்து இயற்கையியலார் எமில் கெல்டியின் பெயரால் 1904-இல் அறிவியலுலகில் அறிமுகமான இக்கருநிறச் சிறு குரங்கின் எடை ஏறத்தாழ அரைக் கிலோவே.

ஒற்றுமை

காளானைச் செடியென்றே பலர் கருதுவர். ஆயினும் அதற்குப் பச்சையம் இல்லை. தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளாமல், குரங்கைப் போலப் பிறவற்றைச் சார்ந்தே வாழ்கிறது. பூஞ்சையினம் தாவரத்தைவிட விலங்கிற்கே நெருங்கியது என மரபணு ஆய்வுகளும் காட்டியுள்ளன.

வேற்றுமை

குரங்கு உணவை விழுங்கியபின் செரிக்கிறது. காளானோ நொதிகளைச் சுரந்து, வெளியிலேயே செரித்துப் பின்னர் உறிஞ்சுகிறது. குரங்கு தாவித் தேடும். காளான் இழைகளாய்ப் பரவும்.

உறவு

கனிகள் அருகும் வறண்ட காலத்தில் இக்குரங்கிற்குப் பெருந்துணையாவது காளானே. பட்ட மரங்களிலும் மூங்கிற் புதர்களிலும் அதனைத் தேடி உண்கிறது. குரங்கு தின்னவியலாத உளுத்த கட்டையைக் காளான் அதற்கேற்ற உணவாக மாற்றித் தருகிறது.

முடிவுரை

கெல்டி குரங்கு இன்று அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் உள்ளது. கனிமரங்களை மட்டும் காத்தால் அது பிழைக்காது; வீழ்ந்த மரத்தையும் மூங்கிற் புதரையும் விட்டுவைத்தல் வேண்டும். பயனற்றதென நாம் ஒதுக்கும் பட்ட மரமும் ஓருயிரின் பஞ்சகாலக் களஞ்சியம் என்பதே இவ்வொப்பாய்வு உணர்த்தும் உண்மையாகும்.