வீட்டோடு ஓர் அறை: மலை நிலத்தில் அனுமதி பெறும் முறை

குடும்பம் பெருகும்போது வீடும் பெருக வேண்டியிருப்பது இயல்பே. மகனுக்குத் திருமணமானால் ஓர் அறை. காப்பிக் கொட்டையும் மிளகும் நனையாமல் வைக்க ஒரு சாய்ப்பு. சமவெளியில் உள்ள நெசவாள அங்கத்தினருக்குத் தறி போட ஒரு கூடம். “என் நிலம், என் வீடு; யாரைக் கேட்க வேண்டும்?” என்று அங்கத்தினர் பலர் நம்மிடம் வினவுகின்றனர். இம்மாதப் பாடம் அவ்வினாவுக்கு விடையாகும்.

சேர்வராயன் மலையில் ஓர் அங்கத்தினர், வீட்டின் பின்புறத்து மேட்டை வெட்டி, அனுமதியின்றி ஓர் அறையை எழுப்பினார். பாதிச் சுவர் எழுந்ததும் கைப்பணம் தீர்ந்தது. அடமானக் கடன் கேட்டபோது, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் இல்லாததால் மனு திரும்பியது. அதற்குள் மழை வந்தது. வெட்டிய மேட்டிலிருந்து மண் சரிந்து சுவரை அழுத்தியது. சேறு கீழ் வீட்டாரின் முற்றத்தில் இறங்கியது. நாம் பார்வையிடச் சென்றபோது, பத்தாண்டு நட்புள்ள அவ்விரு குடும்பங்களும் பேச்சின்றி இருந்தன. பணநஷ்டத்திலும் பெரிய நஷ்டம் இதுவே.

சமவெளியில் ஒருவர் செய்யும் தவறு பெரும்பாலும் அவரோடு நிற்கும். மலைச்சரிவிலோ மேல் வீட்டார் வெட்டும் மண் கீழ் வீட்டார் தலையில் விழும். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மண் சரிந்து வீட்டை மூடி ஏழு பேர் மாண்டனர். அம்மழையில்தான் ஏற்காட்டு மலைப்பாதையிலும் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. இதை நினைவிற் கொண்டால், அனுமதி என்பது சர்க்கார் வீண் தொல்லை என்ற எண்ணம் அகலும்.

சட்டம் கூறுவது என்ன? 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, புதிய கட்டடம் எழுப்புவதும் இருக்கும் கட்டடத்தை விரிப்பதும் ‘அபிவிருத்தி’யே, அதற்கு முன் அனுமதி அவசியம். வெளித்தோற்றம் மாறாத சிறு பழுது பார்த்தல் வேறு. புதுச் சுவரும் புதுக் கூரையும் வேறு. கட்டடம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வகுத்துள்ளன. மலைக் கிராமங்களுக்கென 1990இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் ஏற்பட்டது. ஏற்காடு தாலுகாவின் கிராமங்களும் அதன் வரம்பில் உள்ளன. கட்டடத்தின் அளவையும் நிலத்தின் தன்மையையும் பொறுத்து, வேளாண் பொறியியல், கனிமவளம், வனம் ஆகிய துறைகளின் கருத்தும் கேட்கப்படும். மரம் வெட்ட வேண்டியிருந்தால், 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தையும் மறத்தல் ஆகாது.

அங்கத்தினர் செய்யத்தக்கவை இவை:

1. முதலில் பட்டா தம் பெயரில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். தந்தை பெயரிலேயே நிற்கும் பட்டாவால் தடைப்படும் மனுக்கள் பல.

2. நில அளவை வரைபடத்தைப் பெற்று, எல்லைக் கற்களைச் சரிபார்க்க வேண்டும்.

3. பதிவு பெற்ற பொறியாளரைக் கொண்டு வரைபடம் தயாரிக்க வேண்டும். பழைய கட்டடம், புதிய பகுதி, சரிவின் திசை, மண் வெட்டும் ஆழம், தாங்குசுவர், மழைநீர் வடியும் வழி யாவும் அதில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

4. ஊராட்சி அலுவலகத்தில் தம் கட்டட அளவுக்கு எந்த அதிகாரியின் அனுமதி வேண்டும் என்று கேட்டறிந்து, அரசின் ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புகைச் சீட்டையும் கட்டண ரசீதையும் பத்திரப்படுத்துக.

5. அனுமதி கைக்கு வருமுன் மண்வெட்டியை எடுக்கலாகாது.

இவ்வளவும் ஏழை அங்கத்தினருக்குச் சுமையன்றோ என்று கேட்கலாம். உண்மைதான். பொறியாளர் கூலியும் அலுவலகத்திற்கு நடக்கும் நாட்களின் கூலி இழப்பும் சிறியவையல்ல. இங்கேதான் கூட்டுறவு பயன்பட வேண்டும். ஒரு கிராமத்தில் ஐந்து பேர் வீட்டை விரிக்க எண்ணினால், ஐவரும் ஒரே பொறியாளரை ஒரே நாளில் அழைத்துச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். சங்கக் காரியதரிசி மனுக்களைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். தேவையான ஆவணங்களின் பட்டியலைச் சங்கப் பலகையில் எழுதி வைக்கலாம்.

மேற்கூறிய அங்கத்தினர் பின்னர் தம் அரைச்சுவரை இடித்து, நீர் வடியும் துளைகளுடன் மேட்டுக்குத் தாங்குசுவர் எழுப்பி, முறைப்படி விண்ணப்பித்தார். வரைபடத்தைக் கீழ் வீட்டாரிடமே முதலில் காட்டினார் என்று அறிந்து மகிழ்ந்தோம். சட்டம் அதைக் கேட்கவில்லை, கூட்டுறவு கேட்கிறது. அங்கத்தினர் யாவரும் அவ்வாறே செய்வார்களாக.