கஞ்சா வாணிகமும் ஊர் நிலவிதிகளும்

ஒரு பொருளை விற்கலாமா, ஆகாதா என்பது ஒரு வினா. விற்கலாமெனின் அதனை எவ்விடத்தில் விற்பது என்பது மற்றொரு வினா. முன்னையது பெரிதெனவும் பின்னையது சிறிதெனவும் மேற்போக்காக நோக்குவார்க்குத் தோன்றும். ஆயின், ஐக்கிய அமெரிக்க நாட்டில் கஞ்சா வாணிகத்தைப் பற்றி நிகழ்ந்தவற்றை ஆராயுமிடத்து, பின்னைய வினாவின் விடையே பல ஊர்களில் முன்னைய வினாவின் விடையையும் முடிவு செய்கின்றது என்பது புலனாகும். அரசியல் நூலும் பொருளியல் நூலும் பயிலும் மாணாக்கர்க்கு இஃது ஒரு நற்பாடமாதலின் ஈண்டு அதனைச் சுருங்க எடுத்துரைப்பாம்.

ஒரு நகரத்தின் நிலப்பரப்பை வாழ்மனைப் பகுதி, கடைத்தெருப் பகுதி, தொழிற்சாலைப் பகுதி எனக் கூறுபடுத்தி, ஒவ்வொன்றிலும் இன்னின்ன கட்டடங்களே எழலாம், இன்னின்ன தொழில்களே நடைபெறலாம் என வரையறுத்தலை மண்டலப் பாகுபாடு என்பர். 1916-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரம் தன் பரப்பு முழுமைக்கும் இத்தகைய விதிகளை இயற்றிற்று. பின்னர், ஒஹையோ மாகாணத்தில் கிளீவ்லண்டு நகரை அடுத்துள்ள யூக்ளிட் என்னும் சிற்றூரும் அவ்வாறே செய்ய, ஆங்கு நிலமுடைய கம்பெனியார் ஒருவர் தம் நிலத்தின் மதிப்புக் குன்றியது என வழக்குத் தொடுத்தனர். 1926-ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தலைமை நீதிமன்றம் ஊராரின் பக்கமே தீர்ப்பளித்தது. தன்னளவில் குற்றமற்ற ஒன்றும் தகாத இடத்தில் வைக்கப்படின் பிறர்க்கு இடையூறாகும் என்பது அத்தீர்ப்பின் உட்கருத்துகளுள் ஒன்றாம். அமெரிக்க ஊராட்சிகளின் நிலவிதிகளுக்கு இத்தீர்ப்பே அடிப்படையாய் நிற்கின்றது.

இனிக் கஞ்சாவின் நிலையை நோக்குவோம். 1937-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் அதன்மீது வரிச் சட்டமொன்றை விதித்து, அவ்வழியே அதனை ஏறக்குறைய விலக்கிற்று. 1970-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் முதல் அட்டவணையில் வைத்தது. இங்ஙனமிருக்க, 1996-ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாகாணத்து மக்கள் நோயாளர் அதனைப் பயன்படுத்தலாம் என வாக்களித்தனர். 2012-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கொலராடோ, வாஷிங்டன் என்னும் இரு மாகாணத்தாரும், நோயாளர் அல்லாத முதியோரும் அதனை வாங்கலாம் என முடிவு செய்தனர். கொலராடோவில் 2014-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலும், வாஷிங்டனில் அவ்வாண்டு ஜூலையிலும், கலிபோர்னியாவில் 2018-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலும் இவ்வகைக் கடைகள் திறக்கப்பட்டன.

மாகாணம் இசைந்தது எனினும் ஊர் இசைய வேண்டுமோ? இதுவே அடுத்தெழுந்த வழக்கு. கொலராடோவின் சட்டத்திருத்தம், ஊராட்சிகள் இக்கடைகளைத் தம் எல்லையில் விலக்கலாம் எனத் தானே கூறிற்று. அவ்வுரிமையைக் கொண்டு கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரசபை 2013-ஆம் ஆண்டில் அவற்றை விலக்கியது. 2024-ஆம் ஆண்டு நவம்பரிலேயே அந்நகர மக்கள் வாக்களித்து அவ்விலக்கை நீக்கினர். கலிபோர்னியாவில், மருத்துவக் கஞ்சா நிலையங்களை ரிவர்சைட் நகரம் தன் நிலவிதிகளால் முற்றும் தடுத்தது செல்லும் என 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்மாகாணத் தலைமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாஷிங்டன் மாகாணத்துச் சட்டத் தலைவரும் 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் இக்கருத்தையே வெளியிட்டார். ஆதலின், மாகாணம் முழுதும் ஏற்கப்பட்ட வாணிகம் ஒரு தெருவில் இயல்பான தொழிலாகவும், நகரெல்லையைக் கடந்த அடுத்த தெருவில் விலக்கப்பட்டதாகவும் இருத்தல் கூடுமாயிற்று.

விலக்காத ஊர்களில் தூரவிதி முதலிடம் பெறுகின்றது. பள்ளிகளுக்கு 1,000 அடிக்குள் மருந்துச் சட்டத்தை மீறுவோர்க்கு மிகுதியான தண்டனை விதிக்கும் மத்தியச் சட்டமொன்று உண்டு. அதனை எடுத்துக்காட்டியே 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் கொலராடோவின் மத்திய அரசாங்க வழக்கறிஞர், பள்ளிகளுக்கு அவ்வெல்லைக்குள் இருந்த 23 மருத்துவக் கஞ்சா நிலையங்கள் 45 நாளில் மூடப்பட வேண்டும் எனக் கடிதம் விடுத்தார். வாஷிங்டன் மாகாணம் பள்ளி, விளையாட்டிடம், குழந்தைக் காப்பிடம், பூங்கா, நூலகம் முதலியவற்றிலிருந்து 1,000 அடி என விதித்தது. 2015-ஆம் ஆண்டில், பள்ளியும் விளையாட்டிடமும் ஒழிந்த ஏனையவற்றிற்கு அதனை 100 அடி வரையில் குறைத்துக்கொள்ள ஊராட்சிகளுக்கு இடமளித்தது. கலிபோர்னியாவின் பொதுவிதி 600 அடி. ஆயினும் ஊராட்சி வேறு அளவைக் குறிக்கலாம். நியூயார்க் மாகாணத்தின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிக்கு 500 அடி, வழிபாட்டிடத்திற்கு 200 அடி என்றது.

இவ்வெண்களைக் கண்டு இவை சிறு வேறுபாடுகள் என எண்ணற்க. ஒரு புள்ளியைச் சுற்றி 1,000 அடி ஆரையுடன் வட்டம் வரையின் அதன் பரப்பு ஏறக்குறைய 72 ஏக்கர். 600 அடியாயின் 26 ஏக்கர். 500 அடியாயின் 18 ஏக்கரே. ஆரை பாதியாயின் பரப்பு காலாகும் என்பது கணித மாணாக்கர் அறிந்ததன்றோ? பள்ளியும் பூங்காவும் நூலகமும் நெருங்கிய பழைய நகரத்தில் 72 ஏக்கர் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, கடை வைப்பதற்கு ஓரிடமும் எஞ்சாதவாறு செய்துவிடும். ஆகவே, விலக்கு என்னும் சொல்லை ஒருகாலும் உரையாமலே, அடிகளின் எண்ணிக்கையால் ஓர் ஊர் விலக்கிவிட முடியும்.

எத்தனை அடி என்பதேயன்றி எவ்விடத்திலிருந்து அளப்பது என்பதும் கருதத்தக்கது. நியூயார்க்கில் கஞ்சா வாணிகத்தை மேற்பார்க்கும் அலுவலகத்தார், பள்ளிக் கட்டடத்தின் வாயிலிலிருந்து அளந்து உரிமங்களை வழங்கி வந்தனர். சட்டமோ பள்ளிக்குரிய நிலத்தின் எல்லையிலிருந்து அளக்கச் சொல்லிற்று. 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அலுவலகத்தார் இத்தவற்றை அறிவிக்க, கடை திறந்தவரும் உரிமம் வேண்டிக் காத்திருந்தவருமாக ஏறக்குறைய 150 பேரின் நிலை ஐயத்துக்குள்ளாயிற்று. அவருட் பலர் அரசாங்கத்தின் சொல்லை நம்பிப் பொருள் முடக்கியவர். சட்டத்தில் ஒரு சொல்லைப் பிறழ உணர்வதால் விளையும் கேட்டிற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இன்னும் ஒன்று உளது. அதுவே இப்பாடத்தின் உயிர்நிலை எனலாம். ஓரிடத்தில் ஆகாதென விலக்கப்பட்ட தொழில் மறைந்தொழிவதில்லை. வேறோரிடத்தைச் சென்று அடைகின்றது. டென்வர் நகரில் கஞ்சாவைக் கட்டடங்களுக்குள் பயிரிடுவோர், நிலவிதி இடந்தந்த தொழிற்பகுதிகளிலுள்ள பண்டகசாலைகளை நாடினர். அதன் பயனாகக் குளோப்வில், எலிரியா-சுவான்சி என்னும் பகுதிகளில் அவை மிகுந்தன. உலோகம் உருக்கிய ஆலைகளின் மாசையும் நெடுஞ்சாலையின் புகையையும் முன்னரே ஏற்றுக் கிடந்த உழைப்பாளிகளின் குடியிருப்புகள் அவை. பசிய கஞ்சாவின் கடுநாற்றமும் அவர்க்குப் பங்காயிற்று. 2016-ஆம் ஆண்டில் அந்நகரசபை இத்தகைய இடங்களின் தொகைக்கு உச்சவரம்பு கட்டியதுடன், பயிரிடுவோர் நாற்றத்தை அடக்கும் ஏற்பாடுகளைச் செய்ய வேண்டுமெனவும் விதித்தது. செல்வர் வாழும் தெருவைக் காக்கும் விதி, எளியோர் வாழும் தெருவிற்குச் சுமையை அனுப்பும் விதியாக மாறாவண்ணம் காத்தல் ஆள்வோர் கடனன்றோ?

இதற்கு மாறாக, ஊராட்சிகளுக்கு இவ்வதிகாரமே கூடாது எனச் சிலர் வாதிப்பர். எங்கும் விலக்குவதால் உரிமமில்லாக் கள்ள வாணிகமே தழைக்கும் என்றும், நோயாளர் நெடுந்தூரம் செல்ல நேரிடும் என்றும் அவர் கூறுவர். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. கடைக்கு இடங்கொடுத்த ஊர்களுக்கு விற்பனை வரியில் ஒரு பங்கை அளிக்கும் கொலராடோவின் முறை, கட்டாயப்படுத்தாமல் இசைவிக்கும் வழியாகும். எனினும், தம் பிள்ளைகள் நடந்து செல்லும் தெருவின் இயல்பைப் பற்றிப் பேசும் உரிமை அத்தெருவில் வாழ்வார்க்கு இல்லையெனின், ஊராட்சி என்பது பெயரளவிலேயே நிற்கும்.

ஆகவே, நல்ல நிலவிதிக்கு மூன்று இலக்கணங்கள் வேண்டும் எனத் துணியலாம். அளவும் அளக்கும் முறையும் ஐயத்துக்கிடமின்றி உரைக்கப்படல் ஒன்று. விலக்க விரும்பின் வெளிப்படையாக விலக்குதலன்றி, எண்ணின் பின் மறைந்து விலக்காமை இரண்டு. சுமையை எல்லாப் பகுதியாரும் ஒப்பத் தாங்குமாறு பகிர்தல் மூன்று. கஞ்சாவைப் பற்றி ஒருவர் கொள்ளும் கருத்து எதுவாயினும், இம்மூன்றும் அவர்க்கு உடன்பாடாதல் கூடும். மதுக்கடை, தோற்பதனிடும் ஆலை, குப்பைக்கிடங்கு ஆகிய எதனை எங்கே வைப்பது என்னும் வினா எழும்போதும் இவையே அளவுகோலாம். கல்லூரியை விட்டு நீங்கி நகரசபைகளில் அமரவிருக்கும் இளைஞர் ஊரின் வரைபடத்தைக் கையிலெடுக்கும்போது, அதிலுள்ள ஒவ்வொரு கோட்டிற்கும் இருபுறத்தும் மக்கள் வாழ்கின்றனர் என்பதை மறவாதிருப்பாராக.